காணாத சாவோலாவும் காத்திருக்கும் காமிராவும்

1992ஆம் ஆண்டு மே மாதம். வியட்நாம் நாட்டில், லாவோஸ் எல்லையை ஒட்டிய வூ குவாங் காட்டுப் பகுதியில் ஓர் ஆய்வுக் குழு சுற்றிக்கொண்டிருந்தது. வியட்நாம் வனத்துறை அமைச்சகமும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து அமைத்த குழு அது. அங்கு என்னென்ன விலங்குகள் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பதே அதன் வேலை. காட்டோரத்து ஊர்களில் வேட்டைக்காரர்களின் வீடுகளுக்கும் அவர்கள் போனார்கள். அங்கே வேட்டையின் நினைவாக வைத்திருந்த சில கொம்புகளைக் கண்டதும் திகைத்துப் போனார்கள்.

நீண்டு, வழவழப்பாக, ஏறக்குறைய நேராகச் செல்லும் இரட்டைக் கொம்புகள். மானின் கொம்பு அல்ல. ஏனெனில் அதில் கிளைகள் இல்லை. ஆட்டின் கொம்பும் அல்ல; மாட்டின் கொம்பும் அல்ல. விலங்கியல் நூல்கள் எதிலும் அப்படியொரு கொம்பு ஆசியக் காடுகளுக்கு உரியதாகச் சொல்லப்படவில்லை. ஆனால் ஊர்க்காரர்களுக்கோ அதில் வியப்பே இல்லை. அவர்கள் அந்த விலங்கைக் காலங்காலமாக அறிந்தவர்கள். அதற்கு அவர்களிடம் ஒரு பெயரும் இருந்தது: சாவோலா.

1993இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இந்தப் புதிய விலங்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. ஆயினும், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு சாவோலாவைத் தம் கண்ணால் கண்டதாக எந்த உயிரியல் அறிஞரும் பதிவு செய்யவில்லை! நமக்குக் கிடைத்திருப்பவை ஒருசில படங்களே. அவற்றை எடுத்தவர் மனிதர் அல்லர். ஆளில்லாமல் காட்டில் காத்திருந்த காமிராக்கள்தாம்.

மனிதன் காண முடியாததை ஒரு சிறு பெட்டி எப்படிக் காண்கிறது? அதுவும் காணாவிட்டால் நாம் என்ன முடிவுக்கு வருவது? இவற்றைப் பார்ப்போம்.

ராட்டைக் கால் விலங்கு

'சாவோலா' என்ற சொல்லுக்கு, அப்பகுதித் தாய் மொழியினரின் பேச்சில், நூல் நூற்கும் ராட்டையின் தாங்குகால்கள் என்று பொருள். ராட்டையில் இணையாக நிற்கும் இரு கால்களைப் போலக் கொம்புகள் இருப்பதால் வந்த பெயர் இது. கொம்பு அரை மீட்டர் வரை வளரும். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு.

தோள் உயரம் சுமார் 85 செ.மீ.; எடை 80 முதல் 100 கிலோ வரை. கரும்பழுப்பு உடல். முகத்தில் மட்டும் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெள்ளைக் கோடுகள். பார்வைக்கு மானைப் போல இருந்தாலும், மரபணுச் சோதனைகள் இதை மாட்டுக் கூட்டத்தோடு சேர்க்கின்றன. மாடும் எருமையும் அதற்கு உறவினர்!

இதன் இருப்பிடம் அன்னமைட் மலைத்தொடர். வியட்நாமுக்கும் லாவோஸுக்கும் எல்லைச் சுவர் போல ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் நீளம் நிற்கும் மலைகள் இவை. நம் சோழ மண்டலக் கரைக்கு மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றே அங்கும் மலைகளின் கிழக்குச் சரிவுகளை நனைக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி ஈரம் உலராத பசுமைக் காடு. செங்குத்தான சரிவு, வழுக்கும் பாறை, பிரம்புப் புதர். பத்து அடிக்கு அப்பால் நிற்பது எருமையே ஆனாலும் தெரியாது.

1996இல் லாவோஸில் லாக் சாவ் என்னும் ஊரில் ஒரு பெண் சாவோலா பிடிபட்டது. வில்லியம் ரோபிஷோ என்ற உயிரியலார் அதன் அருகிலிருந்து கவனித்தார். மனிதர் கையால் கொடுத்த இலையை அது அமைதியாகத் தின்றது, தொட்டால் மிரளவில்லை. நாயைக் கண்டால் மட்டும் நடுங்கியது. லாவோஸ் மக்கள் அதை 'மரியாதையான விலங்கு' என்று அழைப்பது பொருத்தம்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் சில வாரங்களுக்குள் அது இறந்துவிட்டது. பிடிபட்ட மற்ற சாவோலாக்களும், திரும்பக் காட்டில் விடப்பட்டவை நீங்கலாக, நெடுநாள் பிழைக்கவில்லை.

விலங்கே எடுத்துக்கொள்ளும் படம்

ஆளில்லாக் காமிரா புதிய எண்ணம் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டில் கயிறு கட்டி, மான் அதை இழுத்தால் விளக்கு மின்னிப் படம் பதிவாகுமாறு செய்தார். 1906இல் அவருடைய 74 படங்கள் 'நேஷனல் ஜியாக்ரபிக்' இதழில் வெளிவந்தன.

நம் நாட்டில் இக்கலையின் முன்னோடி எப்.டபிள்யூ. சாம்பியன். அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்தவர். புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பி கட்டினார். புலியின் கால் பட்டதும் மக்னீசியத் தூள் பளிச்சென எரியும், படம் விழும். துப்பாக்கியோடு புலியைத் தேடிப் பலர் போய்க்கொண்டிருந்த 1920களில், இவர் காமிராவோடு போனார். 1990களில் உல்லாஸ் காரந்த், நாகரஹொளே காட்டில் இத்தகைய காமிராக்களால் புலிகளை எண்ணிக் காட்டினார். இரண்டு புலிகளுக்கு வரிகள் ஒன்றுபோல் அமைவதில்லை. அதனால் எந்தப் புலி மீண்டும் வந்தது, எது புதிது என்று பிரித்தறிய முடிந்தது.

அன்று கயிறும் கம்பியும் செய்த வேலையை இன்று ஓர் உணர்கருவி செய்கிறது. அது எப்படி?

வெப்பத்தைக் காணும் கண்

எந்தப் பொருளும், அது உயிருள்ளதோ அற்றதோ, தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. சுமார் 37 பாகை செல்சியசில் இருக்கும் ஓர் உடல் வெளியிடும் கதிர்களில் மிகுதியானவற்றின் அலைநீளம் 9 மைக்ரோ மீட்டருக்குச் சற்று மேல். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 0.4 முதல் 0.7 மைக்ரோ மீட்டர் வரைதான். ஆகவே உடல் வீசும் இந்த 'ஒளி' நமக்குத் தெரிவதில்லை.

காமிராப் பெட்டியின் முகப்பில் பால் நிறமுள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். சாதாரணக் கண்ணாடி இந்த நீண்ட அலைகளை உள்ளே விடாது, அதனால்தான் பிளாஸ்டிக். வில்லை கதிர்களைக் குவித்து, உள்ளேயுள்ள ஒரு படிகத்தின் மேல் விழச் செய்கிறது. வெப்பம் மாறும்போது சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கும் இயல்பு அந்தப் படிகத்துக்கு உண்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. படிகம் ஒன்றல்ல, இரண்டு துண்டுகள். இரண்டும் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். வெயில் ஏறி, எதிரில் உள்ள காடு முழுவதும் மெல்லச் சூடானால் இரு துண்டுகளும் ஒரே அளவில் சூடாகும். ஒன்றின் மின்னழுத்தம் மற்றதைச் சரிக்கட்டிவிடும். விலங்கு குறுக்கே நடந்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு துண்டு, பிறகு மற்றது என்று வெப்பம் படும். சமநிலை குலையும். அந்தக் கணமே காமிரா விழிக்கும்.

ஆகவே இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். விலங்கின் மேற்பரப்புக்கும் பின்னணிக்கும் வெப்ப வேறுபாடு இருக்க வேண்டும். விலங்கு அசையவும் வேண்டும். வெப்பக் காட்டின் நண்பகலில் பாறையும் சருகும் சூடேறி நிற்கும்போது முதல் நிபந்தனை தளர்ந்துவிடுகிறது. மழையில் நனைந்த விலங்கின் மயிர்ப் பரப்பும் குளிர்ந்துவிடுகிறது. இத்தகைய வேளைகளில் எதிரே விலங்கு கடந்தாலும் காமிரா உறங்கிக்கொண்டே இருக்கலாம். மாறாக, வெயில்பட்ட ஓர் இலை காற்றில் ஆடினால் போதும். விலங்கு என்று ஏமாந்து படம் எடுத்துத் தள்ளும்.

இரவில் படம் எப்படி விழுகிறது? அதற்குக் காமிராவே ஒரு விளக்கைப் போடுகிறது. அதுவும் அகச்சிவப்பு விளக்குதான். ஆனால் அலைநீளம் 0.85 அல்லது 0.94 மைக்ரோ மீட்டர். உடல் வீசும் வெப்பக் கதிர் வேறு, இந்த விளக்கின் கதிர் வேறு. முன்னது விலங்கு வந்ததை அறிவிக்கிறது. பின்னது படத்துக்கு வெளிச்சம் தருகிறது. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. இந்த வெளிச்சத்தில் நிறங்களைப் பிரித்தறிய இயலாது. இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருப்பது அதனால்தான்.

எங்கே வைப்பது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடர்ந்த காட்டில் காமிரா 10 மீட்டர் தூரம் வரை, 45 பாகைக் கோணத்தில் பார்க்கிறது என்று கொள்வோம். 45 பாகை என்பது முழு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. எனவே அது காணும் பரப்பு 3.14 × 10 × 10 ÷ 8 = சுமார் 39 சதுர மீட்டர். ஒரு பெரிய வகுப்பறை அளவுகூட இல்லை! ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மீட்டர். அதை முழுவதும் கண்காணிக்க 25,000க்கும் மேற்பட்ட காமிராக்கள் வேண்டும். சாவோலா வாழக்கூடிய காடோ பல நூறு சதுர கிலோமீட்டர்.

ஆகவே காட்டை முழுவதும் பார்க்க முடியாது. விலங்கு வரக்கூடிய இடத்தைத்தான் பார்க்க முடியும். ஓடைக் கரை, மலைமுகட்டுத் தடம், உப்புமண் நக்கும் இடம், குளம்படி பதிந்த சேறு ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பெரிய ஆசிரியர் யார் தெரியுமா? அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்தாம். சாவோலா எந்த இலையைக் கடிக்கும், எந்தப் பருவத்தில் எந்தச் சரிவுக்கு வரும் என்பதெல்லாம் அவருடைய நினைவில்தான் இருக்கிறது.

இடம் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. பெட்டியை விலங்கின் மார்பு உயரத்துக்குக் கட்ட வேண்டும். கிழக்கு மேற்காக நோக்கினால் உதயத்திலும் மாலையிலும் வெயில் நேரே விழும். ஆகவே வடக்கு தெற்காக வைப்பது நலம். முன்னால் ஆடும் தழைகளை வெட்டிவிட வேண்டும். ஈரம் புகாமலிருக்க உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குருணைப் பொட்டலம் வைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் எறும்பு உள்ளே கூடு கட்டிவிடும். பூஞ்சை வில்லையை மறைத்துவிடும். யாரேனும் திருடிச் செல்வதும் உண்டு. பழைய காமிராக்களில் படச்சுருளுக்கு 36 படங்கள்தாம். ஓர் இலை ஆடியே அத்தனையும் முடிந்துபோகும். இப்போது நினைவு அட்டையில் ஆயிரக்கணக்கில் பதியலாம். ஆனால் அத்தனையையும் உட்கார்ந்து பார்ப்பது யார்?

இந்தியாவில் 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த வனவிலங்குப் படங்கள் 3,48,58,623. அவற்றில் புலி இருந்தவை 76,651. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 455 படங்களுக்கு ஒன்று! ஆயிரக்கணக்கில் வாழும் புலிக்கே இந்த நிலை என்றால், எண்ணிக்கை நூறைக்கூடத் தொடாது என்று அஞ்சப்படும் சாவோலாவுக்கு?

பதினான்கு ஆண்டு இடைவெளி

1999இல் லாவோஸின் பொலிகாம்சாய் மாநிலத்தில் வைத்த காமிராவில் சாவோலா பதிவாயிற்று. அதன் பிறகு மௌனம். ஆண்டுகள் சென்றன. அந்த இனமே போய்விட்டதோ என்ற ஐயம் எழுந்தது.

2013 செப்டம்பரில் வியட்நாமின் குவாங் நாம் மாநிலக் காட்டில் ஓடையோரமாக நடந்து சென்ற ஒரு விலங்கு காமிராவில் பட்டது. செடிகளின் இடையே முதுகும் இரண்டு நீண்ட கொம்புகளும் தெரிந்தன. பார்த்தவர்கள் தம் கண்களையே நம்பவில்லை. சாவோலாதான்! பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த அந்தப் படங்களே, காட்டில் சாவோலா இருந்ததற்கு நம் கையில் உள்ள கடைசிப் படச் சான்று.

அப்படியானால் இப்போது அது அழிந்துவிட்டதா? அவசரப்படக் கூடாது. ஒரு சாவோலா நடமாடும் இடத்தில் வைத்த காமிரா ஒரு மாதத்தில் அதைப் படம் பிடிப்பதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். தவறவிடும் வாய்ப்பு 0.9. இரண்டு மாதமும் தவறவிட 0.9 × 0.9 = 0.81. பத்து மாதத்துக்கு 0.35, முப்பது மாதத்துக்கு 0.04. அதாவது முப்பது மாதம் வெறும் படங்களே வந்தால், 'இங்கே அது இல்லை' என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

ஆனால் மாத வாய்ப்பு நூறில் ஒன்றுதான் என்றால்? முப்பது மாதம் கழித்தும் தவறவிடும் வாய்ப்பு 0.74! விலங்கு அங்கேயே இருந்தும் நான்கில் மூன்று முறை நமக்கு வெறும் படமே கிடைக்கும். 'பார்க்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் அறிவியலின் வேலை.

ஒரே தடத்தில் இரண்டு பொறிகள்

சாவோலாவை யாரும் குறிவைத்து வேட்டையாடுவதில்லை என்றால் நம்புவீர்களா? காண்டாமிருகக் கொம்புக்கும் புலி எலும்புக்கும் கீழை நாட்டு மருந்துச் சந்தையில் விலை உண்டு. சாவோலாவுக்கு அங்கே இடமே இல்லை. பழைய மருத்துவ நூல்கள் அதை அறியவில்லை. பின் ஏன் அழிகிறது?

காரணம் கம்பிக் கண்ணி. சைக்கிள் பிரேக்குக்குப் பயன்படும் கம்பி போன்ற ஒன்றை வளைத்துச் சுருக்குப் போட்டு, வளைத்த இளமரத்தில் கட்டி, விலங்குத் தடத்தில் மறைத்து வைக்கிறார்கள். காட்டுப்பன்றியும் கேளையாடும் அவர்கள் குறி. நகரத்து உணவுவிடுதிகளில் காட்டு இறைச்சிக்கு விலை மிகுதி. ஆனால் கண்ணிக்குக் கண் இல்லை. கால் வைப்பது பன்றியா, உலகின் கடைசிச் சாவோலாக்களுள் ஒன்றா என்று அது பார்ப்பதில்லை. குவாங் நாம், ஹுவே ஆகிய பகுதிகளின் சாவோலா காப்பகங்களில் மட்டும் 2011 முதல் காவல் குழுக்கள் அகற்றிய கண்ணிகள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

காமிராவும் கண்ணியும் ஒரே தடத்தில்தான் காத்திருக்கின்றன. இரண்டுக்கும் விலங்கின் வழி தெரிய வேண்டும். இரண்டும் ஆளில்லாமல் மாதக்கணக்கில் வேலை செய்யும். ஆனால் கண்ணி ஒன்றின் விலை மிகச் சொற்பம்; காமிராவின் விலையோ பல ஆயிரம் ரூபாய். போட்டி சமமானது அல்ல.

நம்பிக்கை தரும் சருகுமான்

நம் காடுகளில் வாழும் சருகுமானை அறிவீர்கள். முயலைவிடச் சற்றே பெரிய, கொம்பில்லாத விலங்கு. அதன் உறவான வெள்ளி முதுகுச் சருகுமான் வியட்நாமில் மட்டும் உண்டு. 1910இல் நா டிராங் பக்கத்தில் கிடைத்த நான்கு மாதிரிகளைக் கொண்டு பெயரிடப்பட்டது. 1990இல் இன்னொன்று கிடைத்தது. பிறகு காணவே இல்லை.

ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களைக் கேட்டார்கள். 'முதுகு சாம்பல் நிறமாக இருக்கும் சருகுமான் உண்டு' என்றார்கள் அவர்கள். அவர்கள் காட்டிய இடத்தில் மூன்றே காமிராக்கள் வைக்கப்பட்டன. ஐந்து மாதத்தில் 275 படங்கள்! பின்னர் 29 காமிராக்கள் வைத்ததில் 1,881 படங்கள். 2019இல் இச்செய்தி வெளியிடப்பட்டது. ஆனால் சரியான இடத்தின் பெயர் வெளியிடப்படவில்லை. ஏன் என்பதை உங்களால் ஊகிக்க முடியும்.

காமிராவுக்குத் துணையாக இன்னோர் உளவாளியும் உண்டு: நம் மலைக்காடுகளுக்குப் போனவர்கள் சபிக்கும் அதே அட்டை! அது குடித்த இரத்தத்தில் விலங்கின் மரபணு பல வாரங்கள் அழியாமல் இருக்கும். 2012இல் வெளியான ஆய்வொன்றில், அன்னமைட் காட்டில் பிடித்த 25 அட்டைகளில் 21இல் பாலூட்டிகளின் மரபணு கிடைத்தது. அரிய வரிமுயலும் அவற்றுள் ஒன்று. சாவோலா மட்டும் அகப்படவில்லை.

2025இல் வெளியான மற்றோர் ஆய்வு, வேட்டைக்காரர்களிடமிருந்து கிடைத்த எலும்பு, கொம்பு முதலியவற்றிலிருந்து 26 சாவோலாக்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தது. சாவோலாக்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து 5,000 முதல் 20,000 ஆண்டுகள் ஆகின்றன என்று அது காட்டியது. ஒரு கூட்டம் இழந்த மரபணுக்கள் சில மற்றதில் இருக்கின்றன. எனவே இரண்டிலிருந்தும் சிலவற்றைச் சேர்த்துக் காப்பகத்தில் இனப்பெருக்கம் செய்தால் இனம் தழைக்க வழியுண்டு. அதற்குக் குறைந்தது ஒரு டஜன் விலங்குகள் வேண்டும். ஆனால் முதலில் ஒன்றையாவது காண வேண்டுமே!

அதனால்தான் தேடல் நிற்கவில்லை. இனி வரும் ஒரு படம், அந்த விலங்கு எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்பதைச் சொல்லும்; எந்தக் காட்டில் கண்ணிகளை முதலில் அகற்ற வேண்டும் என்பதையும் சொல்லும். ஆய்வாளர்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள தொலைக்காட்சி ரிமோட்டின் நுனியில் சிறு விளக்கு ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்தி அதைப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. இப்போது அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் காமிரா வழியாக அதே விளக்கைப் பாருங்கள். வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னுவது தெரியும். தெரியாவிட்டால் கைப்பேசியின் முன்பக்கக் காமிராவில் முயலுங்கள். பின்பக்கக் காமிராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். உங்கள் கண் காணாத ஒளியைக் காமிரா காண்கிறது. அன்னமைட் காட்டின் இருளில் காத்திருக்கும் காமிராவும் இதே முறையில்தான் பார்க்கிறது.

இனி ஒரு கேள்வி: அந்த விளக்கின் கதிரைக் காணும் கைப்பேசிக் காமிரா, இருட்டில் உங்கள் கை வீசும் வெப்பக் கதிரைக் காணாதது ஏன்? கட்டுரையை இன்னொரு முறை படித்தால் விடை கிடைக்கும்.